நாலு மணி இருட்டில் அழைத்த பெயர்

டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரின் பழைய கோட்டை மேட்டுக்கு உள்பக்கமாக, மஞ்சள் செங்கல் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு ஒன்று இருக்கிறது. எண்பத்தெட்டாம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை லூர்தம்மா அந்தத் தெருவுக்குப் போனாள். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டைக் கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்து, மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிற வேலை அவளுக்கு, கொம்யூன் என்கிற நகரசபையில். அன்று கொடுத்த தாளில் "லாவ்" என்ற பெயரும் வீட்டு இலக்கமும் மட்டும் இருந்தன. டெனிஷ்காரக் கிழவி ஒருத்தியை எதிர்பார்த்துச் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தவள் ஒரு சீனத்து மூதாட்டி. லூர்தம்மாவின் தோளளவுதான் உயரம். பஞ்சு வைத்துத் தைத்த நீலச் சட்டை போட்டிருந்தாள்.

"சப்பாத்தைக் கழற்று. நிலைப்படியில் மிதிக்காதே. தாண்டி வா" என்றாள் டெனிஷ் மொழியில்.

உள்ளே ஊதுபத்தியும் இஞ்சியும் காய்ந்த தோடம்பழத் தோலும் கலந்த ஒரு மணம். கூடத்தின் மூலையில், சுவரோடு பொருத்திய சிறிய மரத்தட்டில் சிவப்பு மின்குமிழ்கள் இரண்டு எரிந்தன. அவற்றின் நடுவே ஓர் ஆணின் படம். அவளுடைய கணவர். ஹொங்கொங்கில் இருந்து கப்பல் சமையற்காரனாக வந்து, இந்த ஊரிலேயே சிறிய உணவகம் நடத்தி, ஐந்து வருடங்களுக்கு முன்பு இறந்துபோனவர். மகன் கோப்பன்ஹேகனில் இருந்தான்.

இரண்டு பேருக்கும் டெனிஷ் அரைகுறைதான். அதனாலேயே ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கியது. திருமதி லாவ் சாப்பிட உட்காரும் முன்பு ஒரு கிண்ணம் சுடுசோறு கொண்டுபோய்ப் படத்தின் முன் வைப்பாள். கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அதே சோற்றை எடுத்து வந்து தானே சாப்பிடுவாள்.

"அவர் சாப்பிட்டது எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் லூர்தம்மா கேட்டாள்.

"மேலே வரும் புகை போய்விட்டதே. அவர்களுக்கு அதுதான் சாப்பாடு."

தமிழில் சோற்றின் புகைக்கும் இறந்தவரின் உயிருக்கும் ஆவி என்று ஒரே சொல்தான் என்பது அப்போது லூர்தம்மாவுக்கு நினைவு வந்தது. அவள் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள். இதெல்லாம் அவளுக்கு வேடிக்கையாகத்தான் முதலில் இருந்தது. அவள் சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைத்தால் திருமதி லாவ் பதறிப்போய் எடுப்பாள், அது இறந்தவருக்கு வைக்கும் முறையாம். நவம்பர் தொடங்கியதும் இன்னொன்று சொன்னாள்.

"இருட்டியபிறகு பின்னாலிருந்து யாரும் உன் பெயரைச் சொன்னால் பதில் சொல்லாதே."

"இங்கை நாலு மணிக்கே இருட்டுதே."

"அதனால்தான் சொல்கிறேன்."

லூர்தம்மாவின் கணவன் பேசாலையில் கடலுக்குப் போனவன். எண்பத்தைந்தில் ஒருநாள் வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. அந்த வருடமே தம்பி யோசேப் அவளைத் தன்னோடு வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். மூன்று வயது மகள் அஜந்தினிக்கு அப்போது சின்னமுத்து அம்மை போட்டிருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை ஏற்றமாட்டேன் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். "பிள்ளையைப் பிறகு எடுக்கலாம்" என்றார்கள். தங்கை பிலோமினாவிடம் விட்டுவிட்டு வந்தாள். அது நடந்து மூன்று வருடங்கள். விண்ணப்பம் போட்டும் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. தமிழரின் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிடுகிற கோப்புகளைக் கோப்பன்ஹேகனில் வேண்டுமென்றே கட்டி வைத்திருக்கிறார்கள் என்று எங்களுடைய ஆட்கள் எல்லா வீடுகளிலும் கதைத்துக்கொண்டார்கள். அவளுக்கு வந்த கடிதங்களில் ஒரே வசனம்தான்: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.

நவம்பர் நடுப்பகுதியில் பிலோமினாவின் கடிதம் வந்தது. கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டு நிற்கையில் ஹெலிகொப்டர் ஒன்று பதிந்து வந்து சுட்டதாம். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து அஜி கதைப்பதில்லை. சாப்பாடு இறங்குவதில்லை. கதவடித்தாலும் மேசைக்குக் கீழே போய் ஒளிக்கிறாள்.

அந்தக் கடிதத்தைத் திருமதி லாவின் குசினியில் வைத்து வாசித்துவிட்டு லூர்தம்மா அழுதாள். திருமதி லாவ் விடயத்தைத் துண்டு துண்டாகக் கேட்டு விளங்கிக்கொண்டாள்.

"பயத்தில் அவளுடைய உயிரில் ஒரு பங்கு கழன்று விழுந்திருக்கிறது" என்றாள், தேத்தண்ணீரை முன்னால் தள்ளி. "எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு அடிக்கடி நடக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வரும். அவள் உடுத்த துணி ஏதும் உன்னிடம் இருக்கிறதா?"

இருந்தது. ஒரு மஞ்சள் சட்டை. மூன்று வருடமாகத் தோய்க்காமல் வைத்திருந்தாள், மணம் போய்விடும் என்று.

நவம்பர் இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குத் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திருமதி லாவ் ஒரு கோப்பை நிறையப் பச்சரிசி போட்டு, விளிம்போடு மட்டமாகத் தடவி, அதை அந்தச் சட்டையால் இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். வாசற்கதவை அகலத் திறந்தாள். கோட்டை மேட்டுப் பக்கமிருந்து ஈரக் காற்று நேராக உள்ளே வந்தது.

"கவனமாகக் கேள். நான் மூன்று முறை கூப்பிடுவேன். பிறகு உன்னைப் பார்ப்பேன். அவள் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று நீ உன்னுடைய மொழியில் சொல்லவேண்டும். உன் தங்கையின் வீடு. உடம்பு அங்கேதான் இருக்கிறது. தெளிவாகச் சொல். உயிர் சின்னப் பிள்ளை மாதிரி. சொன்ன இடத்துக்குத்தான் போகும்."

லூர்தம்மா தலையாட்டினாள்.

அஜி என்ற பெயர் கிழவியின் வாய்க்குச் சிரமமில்லாமல் வந்தது. "ஆ-ஜீ" என்று நீட்டி, தன் மொழியில் ஏதேதோ சேர்த்து, கோப்பையை இருட்டுக்குள் நீட்டி நீட்டி அசைத்துக் கூப்பிட்டாள். கரகரத்த அந்தக் குரல் தெரு முனைவரை போனது. எங்கோ ஒரு நாய் குரைக்கத் தொடங்கிச் சட்டென்று நிறுத்தியது.

இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

கிழவி திரும்பி லூர்தம்மாவைப் பார்த்தாள்.

பேசாலை, சின்னம்மா வீடு. அவ்வளவுதான் சொல்லவேண்டியது. லூர்தம்மாவின் வாயில் அந்தச் சொற்கள் ஆயத்தமாக இருந்தன. ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்ததும் மூன்று வருடமும் சேர்ந்து முன்னால் வந்து நின்றன.

"அம்மாட்ட வா, அஜி. இஞ்ச அம்மாட்ட வந்திடு."

தமிழில் சொன்னதால் கிழவிக்கு எதுவும் விளங்கவில்லை. அவள் கதவைச் சாத்தினாள். மேசையில் வைத்துத் துணியை அவிழ்த்தாள். மட்டமாகத் தடவிய அரிசியின் நடுவில், பெருவிரலால் அமத்தியதுபோல ஒரு குழி விழுந்திருந்தது.

திருமதி லாவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"வந்துவிட்டது" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனால் மிகக் கிட்ட. ஏன் இவ்வளவு கிட்ட?"

லூர்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

சைக்கிள் கனத்தது. சில்லில் காற்றுப் போய்விட்டதென்று இறங்கி அமத்திப் பார்த்தாள். காற்று இருந்தது. மறுபடி ஏறி மிதித்தாள். பின் கரியரில் யாரையோ ஏற்றி வைத்தால் முன்சில்லு எப்படித் தடுமாறுமோ அப்படித் தடுமாறியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீடுவரை மெதுவாக, மேடு பள்ளம் பார்த்து மிதித்தாள்.

அவளும் யோசேப்பும் இருந்தது மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. யோசேப்புக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. படியேறும்போது மேல்கோட்டின் கரை பின்னால் இழுபட்டது. யாரோ சின்னக் கையால் பற்றிக்கொண்டு ஏறுவதுபோல, படிக்குப் படி ஓர் இழுவை. கதவைத் திறந்ததும் உள்ளே கருவாட்டு மணமும் தேங்காயெண்ணெய் மணமும் வந்தன. அன்று அந்த வீட்டில் ஒருவரும் சமைக்கவில்லை.

குளியலறை வாசலில் ஈரமான சிறிய பாதத் தடங்கள் மூன்று கிடந்தன. காய்ந்தபிறகு அந்த இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. லூர்தம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

கடல் உப்பு.

அவள் பயப்படவில்லை. மூன்று கிழமை அவள் சந்தோசமாக இருந்தாள். பிற்காலத்தில் இந்தக் கதையை மிக நெருங்கிய ஒருவருக்குச் சொல்லும்போது இந்த இடத்தில்தான் அவளுடைய குரல் உடைந்தது. மேசையில் இரண்டாவது கோப்பை வைத்தாள். சோற்றைக் குழைத்து அதில் போட்டாள். ஆவி அடங்கியதும் அதை எடுத்துத் தான் சாப்பிட்டாள். படுக்கையில் சுவர்ப் பக்கமாக இடம் விட்டுப் படுத்தாள். காலையில் அந்தப் பக்கத்து மெத்தை குழிந்து கிடக்கும். தொட்டால் பனிக்கட்டிபோலக் குளிரும்.

முகம் மட்டும் ஒருபோதும் தெரியவில்லை. திரும்பினால் ஒன்றுமில்லை. திரும்பாமல் இருந்தால் கோட்டுக் கரையில் அந்தக் கை.

ஒரு மத்தியானம் யோசேப் கடைக்குப் போய்விட்டு வந்து, பையை இறக்கியபடி கேட்டான்.

"அக்கா, கீழ் வீட்டுக்குப் புதுசா ஆரும் வந்திருக்கினமோ?"

"ஏன்?"

"படியில ஒரு பிள்ளை இருந்துது. அங்கால பாத்துக்கொண்டு. குளிருக்க சும்மா மெல்லிய சட்டையோட. 'ஹை' எண்டன், திரும்பேல்லை."

லூர்தம்மா உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தாள். "ஆரும் வந்திருப்பினம்" என்றாள்.

யோசேப் அவளை உற்றுப் பார்த்தான். "நீங்கள் மெலிஞ்சு போனியள். தனிய இருக்கேக்க ஆரோட கதைக்கிறியள்? நேற்றும் கேட்டது."

"செபம் சொல்லுறன்."

அது பொய். செபமாலை இரண்டு கிழமையாக லாச்சிக்குள் கிடந்தது. எடுத்துச் செபிக்கத் தொடங்கினால் கோட்டுக் கரையை விட்டு அந்தக் கை போய்விடுமோ என்ற பயம்.

திருமதி லாவ் அந்த நாட்களில் ஊரில் இல்லை. மகன் வந்து கோப்பன்ஹேகனுக்குக் கூட்டிப் போயிருந்தான். மாரிகாலத்தின் மிகக் குறுகிய பகல் வரும் டிசம்பர் இருபத்தொன்றில் சீனர்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்து சாப்பிட வேண்டும், தன் கணவருக்குச் சாப்பாடு வைக்க அதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போயிருந்தாள்.

டிசம்பர் இருபதாம் திகதி பிலோமினாவின் அடுத்த கடிதம் வந்தது. மூன்றாம் திகதி எழுதியது. லூர்தம்மா அதைத் தபால் பெட்டிக்கு முன்னால் நின்றே கிழித்தாள்.

"அக்கா, எப்பிடி எழுதுறதெண்டு தெரியேல்லை. போன மாதம் இருவத்தஞ்சாம் திகதி வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்த பிள்ளை அப்பிடியே சரிஞ்சவள். அண்டையிலயிருந்து நித்திரை. மன்னார் ஆஸ்பத்திரியில ஒரு வருத்தமும் இல்லையெண்டு சொல்லுறாங்கள். கஞ்சியை ஊத்தினால் விழுங்குறாள். கண் திறக்கிறாள் இல்லை. உடம்பு நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டு வருது. சுவாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசிப்போட்டுப் போயிட்டார்."

அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே பின்னேரம் நாலு மணி.

அவள் படியில் உட்கார்ந்தாள். கோட்டுக் கரையை அந்தக் கை இழுத்தது. வா, மேலே போவோம் என்பதுபோல.

முதல்முறையாக அவளுக்கு மயிர்க்கால் குத்திட்டது.

மறுநாள் இருபத்தொன்று. திருமதி லாவ் ஊருக்கு வந்திருந்தாள். பச்சரிசி மாவைப் பிசைந்து, கோலியளவு உருண்டைகளாக உருட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் இஞ்சியும் சர்க்கரையும் கொதித்தன. லூர்தம்மா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தான் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதையும் சொன்னாள்.

கிழவி மாவுக் கையோடு அப்படியே நின்றாள். கண்கள் லூர்தம்மாவைக் கடந்து அவளுடைய முதுகுப் பக்கத்துக்குப் போய்த் திரும்பின.

"நான் வாசல்வரைதான் கூப்பிட்டேன். உள்ளே எடுத்தவள் நீ."

"என்ர பிள்ளை செத்துப்போவாளோ?"

திருமதி லாவ் உருண்டைகளை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். கையைக் கழுவினாள். மேசை லாச்சியிலிருந்து சிவப்புக் கடதாசி எடுத்து மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு மேல் மடிப்பாக, இதழ் இதழாக, ஒரு தாமரைப்பூ அவளுடைய விரல்களுக்குள் விரிந்தது. நடுவில் சிறு மெழுகுதிரி ஒன்றை நட்டாள்.

"இன்றைக்கு நல்ல நாள். தூரத்தில் இருப்பது எதுவும் தன் வீட்டுக்குப் போக நினைக்கும் நாள். தண்ணீர்க் கரையில் விடுவோம். ஆனால் போகச் சொல்ல வேண்டியது நீ. நான் சொன்னால் போகாது. அழாதே, கண்ணீர் விழுந்தால் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திரும்பிப் பார்க்காதே. அது எதையும் கேட்டால் பதில் சொல்லாதே. போ என்பதை மட்டும் சொல்."

வெந்த உருண்டைகளில் ஒரு கிண்ணம் கணவரின் படத்துக்கு முன்னால் வைத்தாள். இன்னொரு சின்னக் கிண்ணம் நிறைய எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். அதிலிருந்து எழுந்த ஆவி, காற்றே இல்லாத இடத்தில், ஒரே மூச்சில் உள்ளிழுத்ததுபோல இல்லாமல் போனது.

மூன்றரை மணிக்கு அவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். கோட்டை மேடு முடிகிற இடத்தில், துறைமுகத்துக்கு அப்பால், கூழாங்கல் நிறைந்த ஒரு துண்டுக் கரை. எதிர்ப்பக்கத்தில் ஃபூன் தீவின் விளக்குகள் ஒன்றிரண்டு. சூரியன் போன இடத்தில் சாம்பல் நிறக் கீறல் ஒன்று மட்டும் மிச்சம். திருமதி லாவ் பொல்லை ஊன்றிக் குனிந்து, மெழுகுதிரியைக் கொளுத்தி, தாமரையைத் தண்ணீரில் விட்டாள். அன்று கோப்பையில் வைத்திருந்த அதே அரிசியை ஒரு பிடியாக அள்ளிக் கடலுக்குள் எறிந்தாள். பிறகு தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

லூர்தம்மா கடலைப் பார்த்து நின்றாள். அந்தச் சின்னக் கை அவளுக்குப் பின்னால் கோட்டைப் பற்றியிருந்தது.

"அஜி, சின்னம்மாட்டப் போ."

ஒன்றும் அசையவில்லை.

"சின்னம்மா உன்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. போ, என்ர குஞ்சு."

கை இறுகியது. கோட்டு முழுவதும் கீழ்நோக்கி இழுபட்டு, கழுத்துப் பொத்தான் தொண்டையை அமத்தியது. இடுப்புக்குக் கீழே அந்தக் குளிர் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு முகத்தின் குளிர். அவளுடைய முதுகில் முகம் புதைத்து நிற்கும் ஒரு பிள்ளையின் உயரத்தில்.

அப்போதுதான் முதல்முறையாக அது பேசியது.

"அம்மா. கடல் இருட்டாக் கிடக்கு."

லூர்தம்மாவின் கண்களில் தண்ணீர் முட்டியது. வாயைத் திறந்தாள். தூரத்தில் நின்ற கிழவி பொல்லால் கல்லில் ஓங்கித் தட்டினாள்.

ஒருமுறை. இரண்டுமுறை.

"அம்மா, தூக்குங்கோ."

பேசாலைக் கட்டிலில் குளிர்ந்துகொண்டு போகும் உடம்பை லூர்தம்மா நினைத்தாள். அந்த நெற்றியில் பூசிய எண்ணெயை நினைத்தாள். நாக்கைக் கடித்தாள். வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. பிறகு, தன் வாழ்நாளில் எந்தப் பிள்ளையோடும் பேசியிராத ஒரு குரலில் சொன்னாள்.

"நான் உன்ர அம்மா இல்லை. விடு என்னை. போ."

காற்று நின்றது.

கோட்டுக் கரையில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவளால் எண்ண முடிந்தது. அவளுடைய இடப்பக்கத்தால் கூழாங்கற்கள் நெரிபடும் சத்தம் மெதுவாகக் கடந்து போனது. தண்ணீர் சலசலத்தது, கணுக்கால் ஆழத்துக்கு, பிறகு முழங்கால் ஆழத்துக்கு. தாமரை விளக்கு ஒருமுறை சரிந்து நிமிர்ந்தது. கரைக்கு அடித்துக்கொண்டிருந்த அலைக்கு எதிராக, கையால் பிடித்துக் கொண்டுபோவதுபோல நேராக வெளியே போனது. நெடுநேரம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். திருமதி லாவ் வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். 

இருபத்துநாலாம் திகதி தந்தி வந்தது. அஜி எழும்பிவிட்டாள், சாப்பாடு கேட்கிறாள். யோசேப் அதை வாசித்துவிட்டு நத்தார்ப் பூசைக்குப் போகும் உடுப்போடேயே குந்தியிருந்து அழுதான். கடிதம் பிறகு ஜனவரியில் வந்தது. இருபத்தொன்று இரவு எட்டு மணி தாண்டிப் பிள்ளை தானாக எழும்பி உட்கார்ந்தாளாம். கதைக்கத் தொடங்கினாளாம். போர்வையை விலக்கிப் பார்த்தபோது இரண்டு காலும் முழங்கால்வரை நனைந்து இருந்தனவாம்.

லூர்தம்மா அந்தக் கடிதத்தை முத்தமிட்டுச் செபமாலையோடு சேர்த்து வைத்தாள். வீட்டில் இப்போது மணம் எதுவும் இல்லை. மெத்தை குழியவில்லை. கோட்டின் கரையை யாரும் இழுக்கவில்லை. ஆனாலும் தான் சொன்ன அந்த வார்த்தை சில பொழுதுகளில், பாத்திரம் கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவளுக்குக் கேட்டது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல இரண்டுமுறை போனாள். இரண்டுமுறையும் வேறு எதையோ சொல்லிவிட்டு வந்தாள்.

எண்பத்தொன்பதின் தொடக்கத்தில் கட்டி வைத்திருந்த கோப்புகள் அசையத் தொடங்கின. பத்திரிகைகளில் தமிழர் வழக்கு என்று எழுதினார்கள். மே மாதம் அனுமதி வந்தது. ஜூலையில், கொழும்பிலிருந்து ஒரு குடும்பத்தோடு சேர்ந்து அஜந்தினி கோப்பன்ஹேகனில் வந்து இறங்கினாள். ஆறரை வயது. முன்பல் இரண்டு இல்லை. தாயை முதலில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு வந்து வயிற்றோடு கட்டிக்கொண்டாள். சூடான உடம்பு. லூர்தம்மா அந்தச் சூட்டை விடாமல் அணைத்தபடி நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ரயில் கப்பலுக்குள் ஏறிப் பெரிய கடலைக் கடந்தபோது பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, "அம்மா, ரயிலும் நீந்துமோ?" என்று கேட்டாள். யோசேப் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வருடங்களாகியிருந்தன.

ஒரு கிழமை எல்லாம் நன்றாகப் போனது. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாக உறங்கினாள். ஹெலிகொப்டர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை, நல்ல வெயிலடித்த காலையில், லூர்தம்மா அவளைத் திருமதி லாவிடம் கூட்டிப் போனாள். இந்தப் பிள்ளைக்கு மறுபடி உயிர் கொடுத்ததில் பாதிப் பங்கு அந்தக் கிழவிக்குத்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. வெறுங்கையோடு போகாமல் தோடம்பழம் வாங்கிக்கொண்டாள்.

திருமதி லாவ் கதவைத் திறந்து, பிள்ளையைப் பார்த்ததும் முகமெல்லாம் சுருங்கச் சிரித்தாள். நாடியைப் பிடித்து நிமிர்த்தி, "ஆ-ஜீ" என்றாள். பிள்ளையும் சிரித்தாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே சப்பாத்தைக் கழற்றி வைத்து, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள். லூர்தம்மாவும் அவளுக்குப் பின்னால் போனாள். குசினியில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. யன்னலால் வெயில் விழுந்து தரையில் நீளமாகக் கிடந்தது.

கதவு மூடும் சத்தம் கேட்கவில்லை.

லூர்தம்மா திரும்பிப் பார்த்தாள். திருமதி லாவ் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சிரிப்புப் போயிருந்தது. அவளுடைய பார்வை வெளிப்பக்கத்துக் கால்மிதியில், தரைக்குக் கிட்ட, ஒரே இடத்தில் நின்றது.

"கதவைச் சாத்தட்டோ?" என்றாள் லூர்தம்மா.

அந்த வெயிலிலும் கால்மிதி நனைந்துகொண்டு வந்தது. 

கூடத்தின் நடுவில் நின்ற அஜந்தினி தாயின் பக்கம் திரும்பினாள். தெரிந்த ஒன்றைப் பெரியவர்களுக்குப் பொறுமையாக விளக்குகிற பிள்ளையின் குரலில் சொன்னாள்.

"கொஞ்சம் நில்லுங்கோ அம்மா. அவ இன்னும் சப்பாத்துக் கழட்டி முடியேல்லை."